சட்டை, பாய், புலி: குழந்தைக்குத் தாய்லாந்து மொழி வாசிக்கப் பழக்குவது

என் மகள் பாங்காக்கில் பிரதோம் 1, அதாவது ஒன்றாம் வகுப்பு, சேர்ந்த புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். அவளுடைய வாசிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்தேன். இரண்டே வாரத்தில் பக்கம் பக்கமாகக் கடகடவென்று படித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பி, அவளை எதிரில் நிறுத்தி வாசிக்கச் சொன்னார். 'வா' என்ற சொல், குதிரை, நாய் மூன்றும் அவள் வாயில் ஒரே 'மா'வாக வந்தன. பிள்ளை படித்துக்கொண்டிருந்தது மேலே இருந்த தமிழை. கீழே இருந்த எழுத்தை அவள் கண் தொடவே இல்லை. ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் என் கையில் ஒரு ரப்பரைக் கொடுத்தார். அன்று இரவு அத்தனை பக்கத்தையும் உட்கார்ந்து அழித்தேன்.

அது நடந்து எட்டு வருடம் ஆகிறது. இப்போது சனிக்கிழமை காலையில் சீலோம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஐந்தாறு பேர் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். எல்லாரும் ஐந்திலிருந்து ஏழு வயது. பெரும்பாலும் அனுபான் எனப்படும் மழலை வகுப்பிலோ பிரதோம் 1-லோ இருப்பவர்கள். அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதல் விதி அந்த ரப்பர்தான். பிள்ளையின் புத்தகத்தில் தமிழில் உச்சரிப்பு எழுதாதீர்கள். தாய்லாந்து மொழியில் சொல்லின் பாதி அதன் தொனியில், அதாவது குரல் ஏறி இறங்கும் விதத்தில், இருக்கிறது. இன்னொரு பங்கு, எழுத்தோடு வெளியே வரும் மூச்சில் இருக்கிறது. இரண்டுக்கும் தமிழில் எழுத்து கிடையாது. அதனால் சொல் முதலில் காதுக்குள் போக வேண்டும், எழுத்து அதன் பிறகுதான். இந்தக் கட்டுரையில் பெற்றோருக்காகச் சொற்களைத் தமிழில் எழுதியாக வேண்டியிருக்கிறது. மூச்சு சேரும் எழுத்துகளை க்ஹ, த்ஹ, ப்ஹ என்று எழுதுகிறேன். இது உங்கள் கண்ணுக்கு மட்டும்.

நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கையில் இருக்கும் மூலதனம் பெரியது. தாய்லாந்து எழுத்து, கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது. சுவரில் மாட்டும் எழுத்துப் படத்தைப் பெரியவர்கள் உற்றுப் பார்த்தால் வரிசை புரியும்: க-வில் தொடங்கி ங, ச-வில் தொடங்கி ஞ, பிறகு ட-ண, த-ந, ப-ம, அதன் பின் ய, ர, ல, வ. குறில் நெடில் ஜோடிகளும் உண்டு. இதைவிடப் பெரிய உதவி வேறொன்று. 'கெ', 'கே', 'கை' எழுதும்போது உயிர்க்குறி முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும், இல்லையா? தாய்லாந்து எழுத்திலும் எ, ஏ, ஒ, ஓ, ஐ குறிகள் எழுத்துக்கு முன்னால்தான் நிற்கின்றன. ஆங்கிலம் மட்டும் படித்து வரும் பிள்ளைகள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். தமிழ் அரிச்சுவடி தெரிந்த பிள்ளை ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும். ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. முன்னால் ஏகாரக் குறியும் பின்னால் கால் போன்ற குறியும் வந்தால் நம் பிள்ளை 'கோ' என்று படிப்பான். அங்கே அது 'காவ்' போல ஒலிக்கும். இதைத் தனியாக ஒரு நாள் வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

எழுத்துக்கூட்டிப் படிப்பதும் அங்கே உண்டு. பள்ளிகளில் 'ஸக்கொத் க்ஹம்' என்பார்கள். எழுத்தின் பெயர், உயிரின் பெயர், கடைசியில் சேர்ந்த ஒலி: 'தோ, ஆ, தா'. 'போ, ஊ, பூ'. கடைசியில் ஓர் எழுத்து மூடினால் 'கோ, ஆ, நோ, கான்'. கை தட்டிக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள். கூட்டும்போது தொடையில், சேர்ந்த ஒலிக்கு மட்டும் இரண்டு கையையும் சேர்த்து. தாளம் வந்துவிட்டால் எழுத்து தானாகப் பின்னால் வரும்.

படத்தின் வரிசையிலேயே 44 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். வேண்டாம். அதில் இரண்டு எழுத்து இன்று எந்தச் சொல்லிலும் வருவதில்லை. ஸ ஒலிக்கு மட்டும் நான்கு எழுத்து, த்ஹ ஒலிக்கு ஆறு. வடமொழி, பாலிச் சொற்களில் மட்டும் வரும் எழுத்துகள் இரண்டாம் வகுப்புக்குக் காத்திருக்கலாம்.

நான் நான்கு எழுத்தில் தொடங்குவேன்: கோழியின் 'கோ', குழந்தையின் 'டோ', ஆமையின் 'தோ', மீனின் 'போ'. (அங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படப்பெயர் உண்டு. 'கோ கை' என்றால் கோழியின் கோ.) இவற்றோடு மூன்று நெடில்: ஆ, ஈ, ஊ. இவ்வளவு போதும், வாக்கியமே அமைக்கலாம். தா என்றால் அம்மாவின் அப்பா, டூ என்றால் பார், பூ என்றால் நண்டு, கா என்றால் காக்கை. 'தா டூ பூ', தாத்தா நண்டைப் பார்க்கிறார். 'தா டூ கா', தாத்தா காக்கையைப் பார்க்கிறார். இந்தச் சொற்கள் எல்லாம் சமமான தொனி, தொனிக்குறி ஒன்றும் இல்லை, மூச்சு சேர்க்கவும் வேண்டாம். முதல் நாளே ஒரு முழு வாக்கியத்தைத் தானே வாசித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் இந்த வரிசையை நான் ஏன் விடமாட்டேன் என்று புரியும்.

அடுத்து மா (வா), மீ (உண்டு), நா (வயல்), யா (மருந்து), ஙூ (பாம்பு). 'தா மீ நா', தாத்தாவுக்கு வயல் இருக்கிறது. பாம்பு வந்தவுடன் சிக்கல் தொடங்கும். ங-வில் தொடங்கிப் பேசும் பழக்கம் நமக்கு இல்லை, பிள்ளை 'நூ' என்று சொல்லிவிடும். 'தங்கம்' என்று சொல்லச் சொல்லுங்கள், ஆனால் 'தங்' என்ற இடத்தில் நிறுத்தி மூக்கால் இழுக்கச் சொல்லுங்கள். இழுத்தபடியே 'ஊ'. 'தங்ங்ங்-ஊ'. நாலைந்து தடவைக்குப் பின் 'த'வை மனசுக்குள் மட்டும் சொன்னால் போதும்.

இனி மூச்சு. கோழிக்கு 'கை', முட்டைக்கு 'க்ஹை'. தொனி ஒன்றே, உயிர் ஒன்றே, மூச்சு மட்டும் வேறு. எழுத்துப் படத்தின் முதல் இரண்டு எழுத்தும் இவைதான், கோழியும் முட்டையும். ஒரு பொம்மைக் கோழி, ஒரு முட்டை, டிஷ்யூ தாளில் கிழித்த ஒரு விரல் அகலத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தாளைப் பிள்ளையின் உதட்டுக்கு முன்னால் பிடியுங்கள். தாள் ஆடினால் முட்டை, ஆடாவிட்டால் கோழி. பிள்ளை என்ன சொல்ல நினைத்தது என்பதைப் பார்க்காமல், தாள் சொன்னதை எடுத்துக் கொடுங்கள். கோழி கேட்டு முட்டை கையில் வந்தால் அதுவே திருத்திக்கொள்ளும், நீங்கள் 'தப்பு' என்று சொல்லத் தேவையே இருக்காது. அடுத்த ஜோடிகள்: தா என்றால் கண்ணும்கூட, த்ஹா என்றால் பூசு. பா என்றால் பெரியம்மா, ப்ஹா என்றால் துணி. கடைசி ஜோடியில் இரண்டுக்கும் இறங்கும் தொனி என்பதால் தொனி பழகிய பிறகு அதை எடுங்கள்.

நம் பக்கத்து இன்னொரு பழக்கம், சொல்லின் கடைசியில் 'உ' ஒட்டுவது. 'பஸ்' நமக்கு 'பஸ்ஸு', 'ரோட்' நமக்கு 'ரோடு'. அதே வாயோடு வண்டிக்கு 'ரொத்து', அன்புக்கு 'ரக்கு' என்று பிள்ளைகள் வாசிக்கிறார்கள். தாய்லாந்து மொழியில் கடைசி க், த், ப் மூடியபடியே நின்றுவிடும், திறக்காது. ஆண் பிள்ளைகள் மரியாதைக்குச் சொல்லும் 'க்ஹ்ரப்' இதற்கு நல்ல பயிற்சி: உதடு ஒட்டியதும் மூன்று எண்ணும் வரை பிரிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. வாயில் தண்ணீர் இருப்பது போலப் பாவனை செய்து உதட்டை மூடிக்கொண்டு நிற்பார்கள். இரண்டு வாரத்தில் 'உ' போய்விடும்.

ஆனால் அதே 'உ'வுக்கு வேறொரு இடத்தில் வேலை இருக்கிறது. 'நாக்கு', 'ஆடு' என்று பேசும்போது கடைசி 'உ' உதடு குவியாமல் வருகிறதே, அந்தக் குற்றியலுகர ஒலி தாய்லாந்து மொழியில் தனி உயிராகவே இருக்கிறது, குறிலும் நெடிலுமாக. கை என்ற சொல்லுக்கு 'மூ' என்று தமிழில் எழுதினால் அது பன்றியாகிவிடும் (அதற்குத் தொனியும் வேறு). கைக்கு உதடு குவியவே கூடாது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த ஒலிக்கு வருடக்கணக்கில் கஷ்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளையிடம் 'நாக்கு என்று சொல், கடைசியை நீட்டு, சிரித்தபடி நீட்டு' என்றால் வந்துவிடுகிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் இது சந்தோஷமாக இருக்கும்.

தொனிக்கு வருவோம். ஐந்து தொனி, நான்கு குறி. குறிகளின் பெயர் ஏக், த்ஹோ, த்ரீ, சத்தவா. ஏகம், திரி, சதுர் தெரிந்த நமக்குப் பெயர் எளிது. பிள்ளைக்குப் பெயர் வேண்டாம், கை போதும். சமம்: உள்ளங்கை மேசைக்கு இணையாக நகரும். தாழ்வு: கை தொடைக்கு அருகில். இறக்கம்: நெற்றியிலிருந்து கை விழும், 'ஆமா!' என்று அடித்துச் சொல்கிற மாதிரி. உச்சம்: தலைக்கு மேல். ஏற்றம்: கீழே போய் மேலே எழும், காதில் சரியாக விழாதபோது 'ஆங்?' என்று கேட்போமே, அது. கோழி எழுத்தை வைத்து ஐந்தையும் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளியிலும் இந்த வரிசைப் பயிற்சி உண்டு.

அப்புறம் மூன்று படம் வரையுங்கள்: புலி, பாய், சட்டை. மூன்றுக்கும் ஒரே மெய், ஒரே உயிர்: 'ஸூஅ', அந்தக் குவியாத 'உ'வோடு. குறி இல்லாவிட்டால் தொனி ஏறும், அது புலி. ஏக் குறி வந்தால் தாழும், பாய். த்ஹோ குறி வந்தால் இறங்கும், சட்டை. சொல்லை எழுதிக் கொடுத்து, வாசித்தபின் படத்தின் மேல் கை வைக்கச் சொல்லுங்கள். புலி மேல் கை வைத்துவிட்டு 'இதைப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போகலாமா?' என்று நான் கேட்டால் வகுப்பே சிரிக்கும், அந்தச் சிரிப்பில் சொல் நின்றுவிடும். ஒரு சின்னக் குறியைக் கண் தாண்டிப் போனால் பொருளே மாறும் என்பதைப் பிள்ளைக்கு இதைவிட நன்றாக எதுவும் காட்டியதில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 'க்லை' என்ற ஜோடி: சமமாகச் சொன்னால் தொலைவு, இறக்கிச் சொன்னால் பக்கம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே குறி எல்லா எழுத்திலும் ஒரே தொனி தராது. மெய்களை மேல், நடு, கீழ் என்று மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், வகுப்பைப் பொறுத்துத் தொனி மாறும். அப்பாவுக்கான 'ப்ஹோ', அம்மாவுக்கான 'மே' (வாயை அகலத் திறந்த ஏகாரம்) இரண்டிலும் ஏக் குறிதான், ஆனால் ஒலிப்பது இறக்கத்தில். ஐந்து வயதுப் பிள்ளையிடம் இதை விளக்க முயலாதீர்கள். அப்பா, அம்மா என்ற சொல் அதன் காதில் ஏற்கெனவே சரியாக இருக்கிறது, எழுத்தை அதன்மேல் வைத்தால் போதும். ஏழு வயதில் கேள்வி தானாக வரும். அப்போது பள்ளியில் சொல்லும் நினைவு வாக்கியங்கள் உதவும். நடு வகுப்புக்கு 'கை சிக் டெக் தாய் பொன் பாக் ஓங்', ஜாடி விளிம்பில் கோழி கொத்திப் பிள்ளை செத்தது என்று அர்த்தம். மேல் வகுப்புக்கு 'ப்ஹீ ஃபாக் த்ஹுங் க்ஹாவ் ஸான் ஹை ச்ஹன்', பேய் என்னிடம் அரிசிப் பையை ஒப்படைத்தது என்று. முதலாவது கொஞ்சம் பயங்கரம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு மறப்பதே இல்லை.

புள்ளி இல்லாத எழுத்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு வெறும் 'க' என்றால் உள்ளே ஓர் அகரம் இருக்கும். அங்கே உயிர்க்குறி இல்லாமல் இரண்டு மெய் சேர்ந்து நின்றால் நடுவில் ஒகரம் வரும். ந-வும் க-வும் நின்றால் 'நொக்', பறவை. இதே மாதிரி மொத் (எறும்பு), க்ஹொன் (மனிதர்), ஃபொன் (மழை), நொம் (பால்), ரொத் (வண்டி). தமிழ் படிக்கும் பிள்ளை 'நக்' என்றே தொடங்கும். இந்த ஆறு சொல்லையும் அட்டையில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். எழுத்தின் தலைக்கு மேல் வரும் 'காரன்' என்ற சுருள் குறி நம் புள்ளி மாதிரி தோன்றும். புள்ளி உயிரை மட்டும் எடுக்கும், காரன் அந்த எழுத்தையே ஊமையாக்கிவிடும். கிழமைப் பெயர்களில் நிறைய வரும், அங்கேயே பழக்கலாம்.

உருவத்தில் குழம்பும் எழுத்துகளுக்கு ஒரே வழி, சுழி. பெரும்பாலான எழுத்து ஒரு சின்னச் சுழியில் தொடங்கும், அதைத் தலை என்பார்கள். எருமையின் எழுத்தும் குழந்தையின் எழுத்தும் சுழி திரும்பும் பக்கத்தில்தான் வேறுபடும். தேனீயின் எழுத்தில் சுழி உள்ளே, தட்டின் எழுத்தில் வெளியே. பிள்ளையின் விரலைச் சுழியில் வைத்துத்தான் ஒவ்வொரு எழுத்தையும் தொடங்க வேண்டும். இதனாலேயே கடைப் பலகை, விளம்பரம் ஆகியவற்றை முதல் ஆறு மாதம் நான் கொடுப்பதில்லை. இப்போதைய விளம்பர எழுத்துகளில் சுழியே இல்லை, ஆங்கில எழுத்து மாதிரி வழவழவென்று இருக்கும். சுழியுள்ள எழுத்து பழகிய பிறகு அவை வரட்டும்.

விதிவிலக்காக மூன்று சொல் உண்டு. தெருமுனையில் நிறுத்தச் சொல்லும் சிவப்புப் பலகையின் 'யுத்'. முன்னால் ஓர் ஊமை ஹ நின்று தொனியைத் தாழ்த்துவதையும், கடைசி ட எழுத்து மூடிய த்-ஆக ஒலிப்பதையும் அந்த ஒரே பலகை கற்றுத்தரும். மற்ற இரண்டும் கண்ணாடிக் கதவில்: 'ப்ஹ்லக்' என்றால் தள்ளு, 'டுங்' என்றால் இழு (அதே குவியாத உ). வாசித்துச் சொல்லாமல் கதவைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வெயிலில் பின்னால் ஆட்கள் காத்திருந்தாலும் சரி.

பிள்ளை யாரைக் கேட்டுப் பழக வேண்டும் என்பது முக்கியம். உங்கள் தொனி சரியாக இல்லாவிட்டால், என்னுடையதும் பல சொல்லில் இல்லை, நீங்கள் வாசித்துக் காட்டாதீர்கள். நான் விரலால் காட்டுவேன், பிள்ளை வாசிக்கும். மாதிரி ஒலிக்கு, எங்கள் சந்தின் நூடுல்ஸ் கடை யாய் (பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) பாடத்தைப் படித்து என் போனில் பதிவு செய்து தந்தார். மதியக் கூட்டம் குறைந்தபின் மகள் அவருக்கு வாசித்துக் காட்டுவாள். புரியாத இடத்தில் யாய் 'ஆ?' என்பார், அவ்வளவுதான் திருத்தம். பாங்காக் பேச்சில் 'ர' பல இடத்தில் 'ல' ஆகிவிடும், சுவைக்கு 'அரோய்' என்பது 'அலோய்'. யாயும் அப்படித்தான். ஆனால் புத்தகம் வாசிக்கும்போது ஆசிரியர்கள் நாக்கு அதிரும் 'ர'வையே கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அது இயல்பாக வருகிறது, விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதோம் 1 முடிவில் நாடு முழுவதும் நடக்கும் வாசிப்புத் தேர்வில் சத்தமாக வாசிப்பதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். குளித்துவிட்டு வந்தபின், இரவுச் சாப்பாட்டுக்கு முன். வாரம் ஒரு முறை, பாடத்தை மனப்பாடமாகச் சொல்கிறதா என்று பார்க்கப் படத்தை மறைத்து, கடைசி வரியிலிருந்து மேலே வாசிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாதது. பிரதோம் 1 தொடக்கப் பாடங்களில் இடம் விட்டு அச்சிடுவார்கள், பிறகு நின்றுவிடும். அப்போது பென்சிலால் ஒவ்வோர் அசைக்கும் அடியில் ஒரு வளைவு போடச் சொல்லுங்கள். எங்கே வளைவு போடுவது என்பதே வாசிப்பு. எல்லாரும் சொல்லும் உதாரணம் ஒன்று: த, ஆ, க, ல, ம வரிசையாக நிற்கின்றன. 'தா க்லொம்' என்று பிரித்தால் உருண்டைக் கண். 'தாக் லொம்' என்று பிரித்தால் காற்று வாங்குவது. இரண்டையும் சத்தமாக வாசித்துப் பார்த்து, அந்த வாக்கியத்துக்கு எது பொருந்துகிறது என்று பிள்ளையே சொல்லட்டும். வளைவை அதற்கு அப்புறம் போடலாம்.